இரண்டு பேருக்கு ஒரு நண்டுச் சட்டி

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பயணக் கட்டுரை என்றால் காசிக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் எழுதுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் போனது பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரை வரைக்கும். காலையில் புறப்பட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பியாயிற்று. எங்கள் நூலகத்தில் நடத்துகிற கையெழுத்து இதழுக்கு, "எங்கேயாவது போயிட்டு வந்தா எழுதிக் குடுங்கக்கா" என்று பல தடவை கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். பெரிய மனசு பண்ணிப் படிக்க வேண்டும்.

ஏன் போனேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். நண்டு மட்டும்தான் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டேன். நைட்டி தைக்கிற ஒரு தகரச் செட்டில் வேலை பார்க்கிறேன். அங்கே என்னோடு தைக்கிற ஜெயா, நரிக்குடிப் பக்கம் ஒருவர் இருப்பதாகவும், போர்வெல் மோட்டார் மெக்கானிக் என்றும், மனைவி இறந்துவிட்டார் என்றும் சொன்னாள். என் மகளும் போனில், "சும்மா பாத்துட்டு வாம்மா, புடிக்கலைன்னா விட்ரு" என்றாள். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம்தான் இது. அதனால் மறைக்க ஒன்றும் இல்லை. அவர் பெயரை மட்டும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் பொது இடமாக ஒரு கடையை அவரே சொல்லியிருந்தார். நண்டுக் கடை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பாளையம்பட்டி விலக்கு ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் காசு கிடையாது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கலாமா என்று பூக்கடை முன்னால் நின்றேன். வாங்கவில்லை. திருச்சுழிக்குத் தனியார் பஸ், டிக்கெட் இருபது ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

டவுனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கருவேலங்காடுதான். நடுநடுவே கொத்தமல்லி போட்ட கரிசல் நிலம். மாசி மாதம் ஆகிவிட்டதால் செடியெல்லாம் காய்ந்து பழுப்பாக நின்றது. ஒரு இடத்தில் விறகை அடுக்கிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் புகை பஸ்ஸுக்குள் வந்து எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அந்த வாடை பிடிக்கும். பக்கத்து சீட்டு அம்மா, "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டார். "திருச்சுழிக்கு" என்றேன். "கோயிலுக்கா?" என்றார். தலையை ஆட்டினேன். அதற்கு மேல் பொய் சொல்லத் தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

பதினொன்றேகாலுக்குத் திருச்சுழி. கடை அங்கிருந்து நரிக்குடி ரோட்டில் நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார்.

"எத்தன பேரு?"

"ஒரு ஆளுதான்."

"ஒத்தையில நண்டு திங்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"சொந்தக்காரவுக வாராக."

"அதான பாத்தேன்" என்று சொல்லி வண்டியை எடுத்தார். வழி முழுக்க அந்தக் கடையைப் பற்றித்தான் பேசினார். "கடல் நண்டு. விடியக்காலைத் தொண்டியில இருந்து பஸ்ஸுல ஐஸ் பெட்டி வந்திரும். கண்மாயில தண்ணி கெடக்குற வரைக்கும்தான் கடை. தண்ணி வத்துனா கடைக்கார பாய் மூட்டையக் கட்டிருவாரு."

கடையைப் பார்த்தால் நீங்களும் சிரிப்பீர்கள். கரை மேல் ஒரு கீற்றுக் கொட்டகை. அது சமையல் செய்ய. மேசை நாற்காலி எல்லாம் கண்மாய்க்குள்ளேயே கிடக்கின்றன, குடை விரித்து, தண்ணீர் ஓரமாக. இந்த வருடம் மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் ஆரம்பித்த கடை இது. நடத்துகிற காதர் பாய் பதினெட்டு வருடம் வளைகுடாவில் கடலோர ஓட்டல் ஒன்றில் சமையல் பார்த்தவர். அங்கே எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார்களாம். அதையே இங்கேயும் செய்ய நினைத்தார். ஆனால் இது கண்மாய். வாரத்துக்கு வாரம் தண்ணீர் உள்ளே வாங்குகிறது. அதனால் ஒவ்வொரு வாரமும் மேசைகளைத் தண்ணீருக்குப் பின்னாலேயே இறக்கிப் போடுகிறார். போன வாரங்களில் மேசை கிடந்த இடங்களில் எல்லாம் கால் பதிந்த குழிகள், நாலு நாலாக, காய்ந்த சேற்றில் அப்படியே இருந்தன. கரையிலிருந்து அவற்றின் நடுவேதான் நடந்து போனேன்.

ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தவர் சத்தம் போட்டார்: "ஏ பாய், இன்னும் ரெண்டு வாரத்துல மடைக்குள்ள எல போட்ருவ போலயே!"

"மடைக்குள்ள போட்டாலும் நீ வந்து திம்பல்ல!" என்று கரையிலிருந்து பாய் பதில் கொடுத்தார்.

ஓரமாக ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிற அம்மா வந்து, "எத்தன பேரு அக்கா?" என்றார். அங்கே நண்டைத் தனியாக விற்பதில்லை. இரண்டு பேருக்கு ஒரு மண்சட்டி, சோற்றோடு நானூற்றைம்பது ரூபாய். ஒரு ஆளுக்கு மீன் சோறுதான். "வாரவுக வரட்டும்" என்றேன். அந்த அம்மா தண்ணீர்ச் செம்பும் இரண்டு டம்ளரும் வைத்துவிட்டுப் போனார். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அது சரியாக இல்லை என்று நிமிர்த்தி வைத்தேன்.

நண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டில் ஒரு ஆளுக்காக யார் நண்டு வாங்கி, ஓடு கழற்றி, மசாலா அரைப்பது? மகள் போன பிறகு வாங்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் கறுப்பு கிரீஸ்.

"மன்னிச்சுக்கங்க. ஒரு எடத்துல மோட்டார வெளிய ஏத்திட்டு, அப்படியே விட்டுட்டு வர முடியல. ரொம்ப நேரமா ஒக்காந்திருக்கீகளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பஸ்ஸு கூட்டமா?"

அதற்கும் தலையாட்டினேன். செட்டில் நாள் முழுக்க முப்பது மெஷின் ஓடுகிற சத்தம். அங்கே யாரும் பேசுவதில்லை, சைகைதான். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீக. ஒங்களுக்குக் காது கேக்கும்ல?" என்றார்.

"கேக்கும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் சட்டி வந்தது.

மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்ட குழம்பு. ஓடு சிவந்த நண்டு நாலு, கால்களோடு சட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் வாழை இலை. நண்டை அந்நிய மனிதர் முன்னால் மரியாதையாகத் தின்ன முடியாது. கடிக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும், விரலெல்லாம் வழியும். நான் ஒரு சின்னக் காலை எடுத்து, சத்தம் வராமல் கடித்தேன். அவர் பெரிய கொடுக்கை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். பட்டென்று ஓடு விட்டது. உள்ளே சதை முழுசாக, உடையாமல் வந்தது. மோட்டார் பிரிக்கிற கை.

அவர்தான் பேசினார். கண்மாயைக் காட்டி, "போன மாசம் அந்தா, அந்தக் கருவ மரம் முழுக்க தண்ணிக்குள்ள நின்னுச்சு" என்றார். எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கிறது என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெயா என்ன சொன்னாகளோ தெரியல. சமைச்சுப் போட ஆளு வேணும்னு நான் தேடல. சோறு நானே வடிப்பேன், கொழம்பும் சுமாரா வப்பேன். சாயங்காலம் வீட்டுக்குள்ள நொழஞ்சு லைட்டப் போட்டா, ஏன் இம்புட்டு நேரம்னு கேக்க ஒரு ஆளு வேணும். அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்கும் அதேதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "காரம் கொஞ்சம் சாஸ்தி" என்றேன்.

"மோரு சொல்லவா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

அவர் பேசிக்கொண்டே அடுத்த கொடுக்கை உடைத்தார். அப்போதுதான் கவனித்தேன். அவர் இலையில் என் பக்கத்து ஓரத்தில் வெள்ளைச் சதை குவிந்திருந்தது. இரண்டு நண்டின் சதை இருக்கும். ஓட்டுத் துணுக்கு ஒன்று இல்லாமல் சுத்தமாக எடுத்து, கூட்டி வைத்திருந்தார். அவர் வெறும் குழம்பை ஊற்றித்தான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க நண்டு சாப்பிடலையா?" என்று கேட்டேன். அன்றைக்கு நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் குனிந்து பார்த்தார். கை நின்றுவிட்டது.

"அவளுக்கு வலது கை விழுந்துபோச்சு. வாதம். நாலு வருசம் நாந்தான் உடைச்சு வப்பேன். அவ கரண்டியில எடுத்துக்குவா. நண்டுன்னா உசுரு அவளுக்கு." விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "கை தானா செய்யுது போல."

பின்னால் ஒரு குழந்தை தண்ணீரில் கல்லை எறிந்துகொண்டிருந்தது.

அவர் இலையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். "எல மேலதான் வச்சேன். இன்னும் தொட்டுச் சாப்பிடல. ஒங்களுக்கு... எடுத்துக்கிறதா இருந்தா எடுத்துக்கங்க."

என்னதான் வாயில் வைக்கவில்லை என்றாலும், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற இலை. எச்சில் இலை. நம் ஊரில் பெற்ற பிள்ளை எடுக்கும், கட்டினவள் எடுப்பாள். வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார். நான் எடுத்துவிட்டால் ஜெயாவிடம் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல மனிதர் என்று தெரிந்தது. எடுக்கலாம் என்றும் இருந்தது. ஆனால் அது எனக்காக உடைத்தது இல்லையே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. இன்னொரு பெண்ணுக்கு வைத்ததில் கையை நீட்டுவது போல இருந்தது. அடுத்த மேசைக்காரர்கள் பார்ப்பார்களோ என்றும் இருந்தது. இதில் எது பெரிதாகத் தடுத்தது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விரல் என் இலையின் ஓரம் வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். பாய் எங்கள் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, மெதுவாச் சாப்பிடுங்க, அவசரமே இல்ல. ஆச்சுன்னா மட்டும் சொல்லுங்க. ஒரே குடும்பம், மேசையச் சேத்துப் போடணுமாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு, "ஆச்சு பாய்" என்று இலையை மடித்துவிட்டார். அந்தச் சதையும் அதற்குள் போயிற்று.

இல்லை, இன்னும் ஆகவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

கை கழுவ ஒரு வாளியும் நறுக்கிய எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். காசை நான் பாதி தருகிறேன் என்றதற்கு அவர் கேட்கவில்லை. "பைக்குல திருச்சுழி வரைக்கும் விட்ருவேன்" என்றார். "ஆட்டோ வரும், போயிருவேன்" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது. ஆட்டோ வருகிற வரைக்கும் அவர் புளியமரத்தடியில் கூடவே நின்றார். அங்கிருந்து பார்த்தபோது எங்கள் மேசையைத் தூக்கி நகர்த்தியிருந்தார்கள். கால் பதிந்த நாலு குழியிலும் தண்ணீர் ஊறி மினுமினுத்தது.

"வாரேங்க" என்றேன்.

"பாத்துப் போங்க" என்றார்.

வந்தது காலையில் வந்த அதே ஆட்டோக்காரர். "சொந்தக்காரவுக வந்தாகளா?" என்று கேட்டார்.

"வந்தாக."

திருச்சுழியில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. வழியில் அதே கருவேலங்காடு, அதே கரிப்புகை. பாளையம்பட்டி வந்து சேர ஐந்தரை. தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசம் இன்னும் போகவில்லை. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற முறை அன்றைக்கு. வாளியோடு நின்றவர்கள், "எங்க போய்ட்டு வாரீக, பட்டுச் சேலையெல்லாம்?" என்று கேட்டார்கள். கண்மாய் பார்க்கப் போனேன் என்றேன். நம்பவில்லை. இந்த வருடம் எல்லாக் கண்மாயும் நிறைந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான். அத்தனை தண்ணீரை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுங்கள். இரண்டு பேராகப் போங்கள்.

வீட்டைத் திறந்து லைட்டைப் போட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தும் விரலில் நண்டு வாசம் போகவில்லை. இரவு சோப்புப் போடாமலே படுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் ஜெயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவுக போன் பண்ணாகக்கா. ஒங்களுக்கு விருப்பமில்லைன்னு புரிஞ்சதாம். மறுபடி மறுபடி கேட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னாக. நல்ல மனுசன்தான், போகட்டும் விடுங்க" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். டிபன் பாக்ஸில் மோர்சோறும் ஊறுகாயும் இருந்தது. சாப்பிட்டேன். மணி அடித்ததும் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன.