எங்கள் தெருவில் போகி கொளுத்தாத வருஷம்

எங்கள் வீட்டில் பருவம் மாறுவதை முதலில் சொல்வது அப்பாவின் மூச்சு. அடுத்தது அம்மாவின் கூடை. அம்மா பெரிய மார்க்கெட்டில் பூ கட்டி விற்கிறாள். கூடையில் மல்லி குவிந்தால் வெயில் காலம். சாமந்தி நிறைந்தால் மழை கிட்டத்தில் வந்துவிட்டது. டிசம்பர் பூ ஊதா நிறத்தில் எட்டிப் பார்த்தால் பனி இறங்கிவிட்டது. ஆனால் கூடை மாறுவதற்கு நாலைந்து நாள் முன்பே, மாடிப்படி ஏறும்போது அப்பா பாதியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

"என்னப்பா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, செருப்புல கல்லு மாட்டிக்கிச்சி" என்பார். வெறுங்காலோடு நின்றுகொண்டுதான் சொல்வார்.

அப்பா பெயின்டர். பத்து வயதில் சுண்ணாம்பு வாளி தூக்க ஆரம்பித்தவர், முப்பது வருஷத்துக்கு மேல் ஊரில் இருக்கிற சுவரையெல்லாம் சுரண்டிச் சுரண்டி, பாதியை நெஞ்சுக்குள் போட்டுக்கொண்டார். மழை தொடங்கும்போதும் பனி இறங்கும்போதும் அவருக்கு வீசிங் வரும். அவரும் அம்மாவும் பள்ளிக்கூடத்தின் உள்ளே போனது என்னைச் சேர்க்க வந்த அன்றைக்குத்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து முடித்தவள் நான். இன்றைக்கு ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

படித்த படிப்பை முதலில் வீட்டில்தான் பயன்படுத்தினேன். புரட்டாசி வெயிலில், மழைக்கு முன்னால், தலையணை பாயெல்லாம் மாடிக்குப் போய்விடும். இரண்டு நாள் திருப்பித் திருப்பிக் காயவேண்டும். தட்டுகிற வேலையை அப்பா இல்லாத நேரத்தில் செய்யவேண்டும். முதல் மழை பெய்த அன்றே கொசுவர்த்தியை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுவோம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடுவோம். இல்லாவிட்டால் பின்னால் கறுப்பாகப் பூசணம் பூக்கும். மிளகாய் வறுப்பது அப்பா வேலைக்குப் போன பிறகுதான். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே அவர் வாயில் வைத்து உறிஞ்சும் பம்பில் மருந்து இருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும், கடை பூட்டியபின் ஓடிப் பயனில்லை. கூடையில் முதல் டிசம்பர் பூ வந்த அன்றைக்கு அம்மா ஒரு முழம் எடுத்து வாசல் நிலையில் கட்டுவாள். பனிக்கு நாங்கள் சொல்லும் வரவேற்பு அதுதான். அன்றைக்கே பரணிலிருந்து கம்பளி இறங்கும், அப்பாவின் கழுத்துக்கு மப்ளர் ஏறும்.

இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன், போகி ஒன்றைத் தவிர.

போன வருஷம் போகியன்று விடியற்காலையில் எங்கள் பகுதியான கருவடிக்குப்பமே புகைக்குள் இருந்தது. பாய், துடைப்பம் போதாதென்று யாரோ டயரையும் போட்டுவிட்டார்கள். பனியில் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டது. பொங்கல் அன்றைக்கு நானும் அம்மாவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அப்பா உள்ளே மூக்கில் குழாயோடு இருந்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், அம்மாவிடம் சொல்லவில்லை.

அதனால் இந்த வருஷம், போகிக்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். இருபது வீடுகூட இல்லாத தெரு. கிளம்பும்போதே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"என் மூச்ச ஊரெல்லாம் கூவிக்கினு வரப்போறியா?"

"கூவலப்பா. கொளுத்தாதீங்கன்னுதான் சொல்லப்போறேன்."

"ஏன்னு கேப்பாங்கல்ல? மேஸ்திரி காதுக்குப் போச்சின்னா அவ்வளோதான். இளைப்புக்காரன எவன் சாரத்துல ஏத்துவான்?"

பொங்கல் சமயம்தான் பெயின்டருக்கு அதிக வேலை. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டேன், பொதுவாகப் புகையைப் பற்றி மட்டும் பேசுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனேன். புகையில் என்னென்ன இருக்கிறது, அது நுரையீரலில் எவ்வளவு ஆழம் போகும் என்று ஒரு தாளில் படம் வரைந்து எடுத்துக்கொண்டேன். வகுப்பில் பேசுவதைவிட நன்றாகவே பேசினேன்.

கோடி வீட்டு மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, முருங்கமரமா?"

"நுரையீரல் மாமா."

"நல்லாத்தான் போட்டுகிற. சரி, கொளுத்தல. ஆனா போகியன்னிக்கு பழசு வூட்ட வுட்டுப் போவணுமே. அத எங்க கொண்டுபோய் வெக்கிறது? பண்டிகைக்கு குப்ப வண்டியும் வராது."

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஆனாலும் உடனே சொன்னேன்: "எங்கிட்ட குடுத்துடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம்தான் அதிகநேரம் ஆனது. அவர்கள் வேதக்காரர்கள். போகி அவர்களுக்குப் பண்டிகை இல்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்குத் திண்டிவனம் ரோட்டிலிருந்து ஒரு கட்டு வைக்கோல் வரவழைத்துப் பெரிதாகக் குடில் கட்டுவார். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பார். சுரூபங்களை, அந்தச் சின்னச் சிலைகளை, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவார். வைக்கோலை மட்டும் மூட்டை கட்டி வைத்திருந்து, எங்கள் போகித் தீயில் கொண்டுவந்து போடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது நடக்கிறது.

"கொழந்த ஏசு படுத்த வைக்கோல்டி அது. குப்பையில போடச் சொல்றியா? மாடு திங்கட்டும்னு வுடலாம்னா தெருவுல மாடுங்கூட இல்ல."

"குப்பையில போடமாட்டேன் பெரிம்மா. மரியாதையா செய்றேன். எங்கிட்ட குடுங்க."

"நீ படிச்சவ. எதுனா செஞ்சுதான் வெச்சிருப்ப" என்று சம்மதித்தார்.

தெருவே சம்மதித்துவிட்டது. திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

போகிக்கு முந்தைய நாள் பள்ளி முடிந்து நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வாசல் தெரியவில்லை. கிழிந்த பாய்கள், தேய்ந்த துடைப்பங்கள், முறம், வெடித்துப் பஞ்சு தள்ளிய இரண்டு தலையணைகள், எல்லாவற்றுக்கும் மேலே பெரியம்மாவின் மூன்று வைக்கோல் மூட்டைகள். கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேனே தவிர, எங்கே, எப்போது என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் சொன்ன வாக்கை நம்பி, வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் குவியல் ஒதுக்கப்பட்டிருந்தது. அம்மா மார்க்கெட்டிலிருந்து வர ஆறு மணி ஆகும். அப்படியென்றால் ஒதுக்கியது, வேலை சீக்கிரம் முடிந்து வந்துவிட்ட அப்பா. உள்ளே ஓடினேன்.

அவர் கட்டிலின் விளிம்பில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வைக்கோல் தும்பு. மூச்சு விசில் மாதிரி கேட்டது. பேசப் பார்த்தார், ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. பம்பை எடுத்து, டாக்டர் சொல்லியிருந்த கணக்கில் கொடுத்தேன். போன வருஷத்துக்குப் பிறகு வாங்கிய, மருந்தை ஆவியாக்கும் நெபுலைசரில் மருந்தை ஊற்றி முகமூடியை மாட்டினேன். அவசரத்தில் பாதி மருந்து புடவையில் கொட்டியது. இன்னொரு குப்பியை உடைத்தேன்.

பிறகு ஜன்னல் வழியாகக் கத்தினேன். "மாமா! ஆட்டோவ எடுங்க! பெரிம்மா!"

அப்பாவின் வீசிங்கைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று செய்த சத்தியம் அந்த ஒரு கத்தலில் போனது.

மாமா ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை நிறுத்தாமல் வைத்திருந்தார். அப்புறம் அந்தப் புகையும் உள்ளே வரும் என்று நான் கத்த, நிறுத்தினார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் குவியலை அப்புறப்படுத்த ஓடிவந்தார்கள். ஒரு மூட்டையைத் தூக்கியதும் கட்டு அவிழ்ந்து வைக்கோல் கொட்டியது. மாலை வெயிலில் அந்தத் தூசி பொன்னிறமாக எழும்பி நேராக வீட்டுக்குள் வந்தது. அப்பா முகமூடியோடு தலையை ஆட்டி, கையால் தண்ணீர்க் குழாயைக் காட்டினார், பிறகு குவியலைக் காட்டினார். எனக்கு முதலில் தண்ணீர் கேட்கிறார் என்றுதான் பட்டது. பெரியம்மாவுக்குப் புரிந்தது.

"தண்ணி அடிச்சிட்டுத் தூக்கச் சொல்றாரு! நிறுத்துங்க எல்லாரும்!"

பழைய சுவரைச் சுரண்டுவதற்கு முன்னால் அப்பா இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறார், தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டுவார். பெரியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து, தன் குடில் வைக்கோலின்மேல் தானே ஊற்றினார். தூசி அடங்கியது. நனைந்து கனத்துப்போன மூட்டைகளை நாலு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இருபது நிமிஷத்தில் விசில் சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தோள்கள் இறங்கின. ஆட்டோ தேவைப்படவில்லை. ஆனாலும் மாமா அதைவிட்டு நகரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். புகையைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். படம்கூட வரைந்தேன். வைக்கோலும் பஞ்சும் எரியாமலே ஒருவருடைய மூச்சை நிறுத்தும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. தலையணையை மாடியில் தட்டவேண்டும் என்று வீட்டுக்குச் சட்டம் போட்டவளே நான்தான்.

அப்பா முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். "டீச்சரு... ஒரு கேள்விய... வுட்டுட்டாங்கோ."

"பேசாதீங்கப்பா."

"வாசல்ல கெடந்தத நீ ஏன்யா தொட்ட?" என்று மாமா அவரை அதட்டினார். "ஒரு கொரல் குடுத்தா வந்து எடுக்கமாட்டமா? உனக்கு இளைப்பு இருக்கிறது எங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் உன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிம்போனது யாரு ஆட்டோ?"

அப்பா முகமூடியை மறுபடி இறக்கிக்கொண்டார். மாமா காசு வாங்காமல் கொண்டுபோய் விட்டதும், அன்றைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டதும் அவருக்கு நினைவில்லாமல் இருக்காது. தெரியாத மாதிரி இருந்தது அவர் ஒருவர்தான். அவருக்காக மற்ற எல்லோரும் அப்படியே இருந்திருக்கிறார்கள்.

நனைந்த வைக்கோல் இனி எரியாது. பெரியம்மா அதைத் தன் வீட்டுக் கொய்யா மரத்தடியில் கனமாகப் பரப்பிவிட்டார். "மாசி வெயிலுக்கு வேர் காயாம இருக்கும். அவரும் இதுக்கு ஒண்ணும் கோச்சிக்கமாட்டாரு" என்று குழந்தை ஏசுவின் சுரூபம் இருக்கிற அலமாரியைப் பார்த்தபடி சொன்னார். பாயும் துடைப்பமும் தெருக்கோடியில் ஈரமாகவே அடுக்கிவைக்கப்பட்டு, பண்டிகை முடிந்து வந்த வண்டியில் போயின. இதை எழுதும்போது மற்றவர்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது. கொளுத்தாமல் இருப்பது பாதி வேலைதான். பழையதை எங்கே போடுவது என்பதையும், அதைத் தண்ணீர் தெளித்துத்தான் தூக்கவேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மறுநாள் போகி. விடியலில் பிள்ளைகள் மேளம் மட்டும் அடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கப்படவில்லை. ஆனால் ஆறு மணிக்கெல்லாம் பக்கத்துத் தெருப் புகை மதிலைத் தாண்டி மெதுவாக வந்தது. ஜன்னல்களைச் சாத்தி, கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தோம். அப்பா உள்ளறையில் மப்ளரோடு உட்கார்ந்து, அம்மா கொடுத்த வெந்நீரைக் குடித்தபடி இருந்தார். நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்னையே பாத்துக்கினு இருக்காத. எனக்கே பயமா இருக்குது" என்றார்.

எட்டரை மணிக்கு வெயில் ஏறியபின் ஜன்னலைத் திறந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் பொங்கலை வீட்டிலேயே, கேஸ் அடுப்பில் வைத்தோம். பொங்கிவரும்போது "பொங்கலோ பொங்கல்" என்று அவர் குரலும் கேட்டது.

காணும் பொங்கல் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா சட்டையை மாட்டினார்.

"எங்கப்பா?"

"பக்கத்துத் தெருவுக்கு. நீயும் வா. அந்த முருங்கமரப் படம் இருந்தா எடுத்துக்கோ."

முதல் வீட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். அடுத்த போகிக்குக் கொளுத்தவேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அவர் அப்பாவைத்தான் பார்த்துக் கேட்டார்.

"போகிக்கு இன்னும் ஒரு வருஷம் கெடக்குதே. யாருக்காகக் கேட்டுக்கினு வர்றீங்க?"

அப்பா ஒரு படி ஏறி நின்றார்.

"எனக்குத்தாங்க. எனக்கு வீசிங் இருக்குது."