எட்டு சிலிண்டரும் என் இடது காலும்

சுனாமிக்கு மறு வருஷம் நான் கார் வாங்கினேன். மரக்காணத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் உப்பு முதலாளிகள், இல்லையென்றால் உப்பு முதலாளிகளுக்கு மாப்பிள்ளையானவர்கள். நான் புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் கிளார்க். அதனால் கொஞ்ச நாளைக்கு ஊரில் வேறு பேச்சே இல்லை. "கிளார்க்கம்மாவுக்கு எங்கேந்து வந்துச்சு காரு?" என்று என் காதுபடவே கேட்டார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு பாய், குவைத்தில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர், பழைய வண்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். மெட்ராஸில் யாரோ வெளிநாட்டுக்காரர் ஓட்டிவிட்டுப் போன வண்டியாம் இது. ஆஸ்திரேலியாவில் செய்ததால் ஸ்டியரிங் நம் ஊர்ப் பக்கமே இருந்தது. இரண்டே கதவு, கட்டில் நீளத்துக்கு பானெட், அதற்குள் எட்டு சிலிண்டர். "வாலிபப் பசங்க ரேஸ் உடுற வண்டி மேடம் இது" என்றார் பாய். எந்தக் காலத்து வாலிபம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த வண்டியில் இல்லாத ஒரு பொருள். அதில் கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக். அதனாலேயே யாரும் அதைச் சீந்தவில்லை, அதனாலேயே நான் வாங்கினேன்.

என் இடது கால் இரண்டு வயதில் வந்த போலியோவில் சூம்பிப் போனது. நடப்பேன், ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு. மாடிப்படி ஏறுவேன், திட்டிக்கொண்டே. எதையும் அழுத்துவது மட்டும் அந்தக் காலுக்கு ஆகாது. கார் வருவதற்கு முன்னால் தினமும் காலையில் என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விடுவார். பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி, "கால் முடியாதவங்க ஏறுறாங்க, வழி உடு" என்று கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டு, என் கையைப் பிடித்து மூட்டை மாதிரி மேலே இழுப்பார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருந்து தொலைத்ததால் அவரைத் திட்டவும் முடியாது. இனிமேல் எவர் கையையும் பிடித்து ஏறக்கூடாது, எந்த வண்டியிலும் என் காலைப் பற்றி அறிவிப்பு வரக்கூடாது என்றுதான் கடன்பட்டு அந்தக் காரை வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எட்டு சிலிண்டரும் சேர்ந்தாலும் ஒரு உப்பு லாரியை முந்த முடியாது என்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் முன்னால் ஒரு உப்பு லாரி கிடைத்துவிட்டால் போச்சு. லாரியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் என் கண்ணாடியில் விழுந்து வெள்ளையாகக் காயும். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிப்பேன். வண்டி சாமி வந்த மாதிரி உறுமும், இடத்தைவிட்டு மட்டும் எகிறாது. லாரி கிளீனர் தலையை நீட்டி, வா வா என்று கைகாட்டிச் சிரிப்பான். ஒரு நாள் அனுமந்தை தாண்டி ரோஷத்தில் வலது பக்கம் ஏறிவிட்டேன். லாரிக்கு இணையாக ஓடுகிறேன், எதிரில் பஸ் வருகிறது, முன்னாலும் போக முடியவில்லை. பிரேக்கை மிதித்து லாரியின் பின்னால் மறுபடி ஒண்டிக்கொண்டேன்.

அந்தச் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின்களை அவர்தான் பார்த்துக்கொள்வார். எல்லா லாரி டிரைவரும் அவருக்குத் தோஸ்து.

"இன்னா, பஸ்ஸுக்கு நேரா போனியாமே?" என்றார்.

"நேரா போவல. பக்கத்துல போனேன்."

"இதோ பாரு, இந்த வண்டிக்கு இழுவை பத்தாது. சரி பண்ணுவோம். ஆவலன்னா வித்துட்டு, பழையபடி நானே பஸ் ஸ்டாப்புல உடுறேன். உன்ன பொணமா பாக்க என்னால முடியாது."

சொன்னவர் குரலில் வெறும் பயம்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கண்டக்டரின் கை ஞாபகம் வந்துவிட்டது. சரி, இழுவையைக் கூட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

புதுச்சேரியில் ஒரு பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தேடினேன். என் காரைப் போன்ற வண்டிகளுக்குக் குறைந்த செலவில் வேகம் கூட்டுவதைப் பற்றி அமெரிக்காவில் பையன்கள் மணிக்கணக்காக எழுதி வைத்திருந்தார்கள். அவர்களுடைய குறைந்த செலவை நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் என் வீட்டை விற்க வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் நடுவில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இன்ஜினுக்குள் காற்று தாராளமாகப் போக வேண்டும், புகை தாராளமாக வெளியே வர வேண்டும், வண்டியின் எடை குறைய வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனுஷனுக்குக் கண் மின்னியது.

முதலில் எடை. வண்டியின் அடித்தகட்டை உப்புக் காற்று ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தது, அந்த வகையில் கடல் எங்களுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்தது. மீதிக்கு நாங்கள் பின்சீட்டைக் கழற்றினோம். கழற்றி வாசலில் வைத்த ஐந்தாவது நிமிஷம் என் மாமியார் அதில் போய்ச் சாய்ந்துவிட்டார். "இது இருக்கட்டும்டா, இடுப்புக்கு நல்லாருக்குது" என்றார். அந்தச் சீட்டு அதற்குப் பிறகு காருக்குத் திரும்பவே இல்லை.

அடுத்தது புகை. வீட்டுக்காரர் சைலன்சரை அறுத்தெடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனோம். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் காரைக் கோயில் வாசலில் திருப்பி நிறுத்தி முடிக்கும் வரைக்கும் ஃபாதர் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றாராம். பூசை முடிந்து என்னிடம் வந்து, "உலக முடிவுன்னு நெனச்சிட்டேம்மா" என்றார். மறுநாளே பாதி சைலன்சரைத் திரும்ப ஒட்டினோம்.

மூன்றாவது காற்று. இறைக்கிற மோட்டாருக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு வளைவு வைத்து, முன் பம்பரிலிருந்து நேராக ஏர் பில்டருக்குக் காற்று கொண்டுவந்தார். நல்ல யோசனை. உண்மையிலேயே ஒரு துடிப்பு தெரிந்தது. ஆனால் எங்கள் ரோட்டில் பம்பர் உயரத்தில் வருவது காற்று மட்டுமா? லாரிச் சக்கரம் தெளித்த உப்புத் தண்ணீரை அந்தக் குழாய் ஒரு வாய் உறிஞ்சியது. வண்டி கூனிமேட்டில் இருமி நின்றது. லாரி கிளீனர் இந்த முறை கை மட்டும் காட்டவில்லை, டாட்டாவே சொல்லிவிட்டுப் போனான்.

மழை தொடங்கியது. மழை வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது, டீசல் இன்ஜினை எல்லாம் எண்ணெய் தடவிச் சாக்கு போட்டு மூடிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் கைக்கு வேலை இல்லாமல் வீட்டில் மிக்சியைக் கழற்றினார், டேபிள் ஃபேனைக் கழற்றினார். அந்தச் சமயம் பார்த்து செங்கல்பட்டில் என் அக்கா மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற விழா. நான் ஒரு வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை. மாமியார் மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி எங்க அத்த?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனான்" என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அந்த சனியம்புடிச்ச பெட்ரோல் இன்ஜின தூக்கிப் போட்டுட்டு, ஜீப்பு டீசல் இன்ஜின் வெக்கப் போறானாம். உனக்குத் தெரியாம பண்ணி அசத்தப் போறானாம். திண்டிவனம் ரோட்டு ஷெட்டுல கீது."

ஜீப் இன்ஜின் என்றால் ஜீப் கியர். கியர் என்றால் கிளட்ச். கிடங்கில் இருந்த உப்பை ஏற்றிக்கொண்டு வாசலில் ஒரு லாரி வந்தது. கைகாட்டி நிறுத்தினேன். அவ்வளவு உயரத்தில் எப்படி ஏறினேன் என்று இன்று வரைக்கும் தெரியாது. கிளீனர் நீட்டிய கையை நான் தொடவில்லை.

ஷெட்டில் என் எட்டு சிலிண்டரும் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மழைச் சேற்றில் சாக்கின் மேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"யார் சொன்னது உனக்கு? சரி வுடு. வா, உள்ள உக்காந்து பாரு. பெடல் எல்லாம் வெல்டு வெச்சாச்சி. இனிமே லாரி இன்னா, ரயிலையே முந்துவ. டீசல்மா. அஞ்சு கியரு."

கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தேன். கீழே மூன்று பெடல். வலது காலை ஆக்சிலேட்டரில் வைத்தேன். இடது முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி, பாதத்தைக் கிளட்சின் மேல் வைத்தேன். அது அங்கே இருந்தது.

"அமுக்கு" என்றார் அவர். "ஸ்பிரிங்கு கொஞ்சம் டைட்டுதான். அமுக்கிப் பாரு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் காலைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

"மறந்துட்டேன்மா" என்றார்.

"இன்னாத்த மறந்துட்ட?"

"கால."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கட்டிக்கிட்டு எட்டு வருஷமா எதைப் பாத்துக்கினு இருந்த, உன் கண்ணு பாத்தியில காயப் போட்டிருந்துச்சா என்று ஆரம்பித்து, அவருடைய டீசல், அவருடைய ஜீப், அவர் கழற்றிய மிக்சி வரைக்கும் ஒன்று விடவில்லை. அவர் தலையைக் குனிந்து நின்றார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திட்டினேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது என் காலை. ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்கள் பார்ப்பது காலை. கோயிலில் எனக்கு இடம் விடுகிறவர்கள் பார்ப்பது காலை. ஒரே ஒரு ஆள், அதுவும் என் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற ஆள், அதை மறந்தே போயிருக்கிறார். இப்படி ஒரு ஆளை எனக்கு யாரும் தேடித் தரவில்லை, தானாக அமைந்தார். அந்த ஆளையா இவ்வளவு திட்டினேன் என்று அழுகை வந்தது. எழுப்பிச் சொல்லியிருக்கலாம். குறட்டை பலமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பழைய இன்ஜினையே திரும்ப ஏற்றினார்கள். கியர் பாக்ஸைப் பூட்டத் தெரியாமல் கோட்டக்குப்பம் பாயைக் கூப்பிட்டார்கள். பாய் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஒயர் வரணுமே, ஆக்சிலேட்டர்லேந்து கியருக்கு. முழுசா மிதிச்சா கியர் தானா ஒண்ணு எறங்கும், அப்பத்தான் பாயும். எவன் கழட்டுனது?" என்றார்.

"வித்தது நீங்கதான பாய்" என்றேன்.

"அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்" என்று வானத்தைக் காட்டினார். பிறகு ஒரு பைக்கின் ஒயரை வெட்டி அங்கே மாட்டினார். அவ்வளவுதான் வேலை. சைலன்சரை அறுத்தது, குழாய் வைத்தது, பின்சீட்டைக் கழற்றியது எதுவும் தேவைப்பட்டிருக்காது. அடுத்த வாரம் அனுமந்தைக்கு முன்னால் ஒரு உப்பு லாரியை முந்தினேன். மிதித்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி என்னைச் சீட்டோடு அறைந்து பாய்ந்தது. கிளீனருக்குக் கையைக் காட்ட நேரமில்லை. காரை விற்கிற பேச்சு அதோடு நின்றது.

ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. ஷெட்டில் பட்ட சூட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் காலை மறப்பதே இல்லை. நான் எழுந்தால் அவரும் எழுவார். படியில் இறங்கினால் "பாத்து, பாத்து" என்பார். கார்க் கதவைத் திறந்துவிடுவார். கோயிலில் முழங்கையைப் பிடித்து உட்கார வைப்பார். எனக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கண்டக்டர் வந்து சேர்ந்தார். "உடுங்க, நான் போய்க்குவேன்" என்று எத்தனை தடவை சொன்னாலும், குற்றம் செய்த முகத்தோடு பின்னாலேயே வருவார். நாமே திட்டி நாமே கெடுத்துக்கொண்டோமே என்று நான் நொந்துபோனேன்.

அடுத்த வருஷம் வெயில் காலம். ஒரு ஞாயிறு அவர்தான் காரை ஓட்டினார், நான் பக்கத்தில். உப்பளத்து நடுவில் போகிற ரோட்டில் வண்டி விக்கிக்கொண்டு நின்றது. சாவியைத் திருப்பினார், லொடக்கென்று ஒரு சத்தம், மறுபடி ஒன்றுமில்லை. கோயிலில் இரண்டாவது மணி அடித்துவிட்டது. அவருக்கு அந்த மாதம் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற முறை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"இன்னா மசமசன்னு குந்திக்கினுகீற? எறங்கு. எறங்கித் தள்ளு சீக்கிரம்."

ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எவ்வளவு தூரம் தள்ளினாலும் அது தள்ளுவதாகத்தான் இருக்கும், இன்ஜின் திரும்பாது. பாய் எனக்கு இதைச் சொல்லியிருந்தார். நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அவருக்கு என் கால் ஞாபகம் வந்துவிடும்.

இறங்கினேன். டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, வலது காலைத் தரையில் உதைத்து, இடது காலை இழுத்து இழுத்துத் தள்ளினேன். கோயிலுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் பதறி இறங்கி, "நீங்க நவுருங்கம்மா, உங்களுக்கு எதுக்கு" என்று ஓடி வந்தார். வாயில் விரலை வைத்து, போய்யா என்று கையாலேயே விரட்டினேன்.

"இன்னும் வேகமா தள்ளு" என்று உள்ளேயிருந்து கத்தினார் என் வீட்டுக்காரர்.

நான் தள்ளினேன்.