முப்பத்தாறு நடக்கிறது

1. திரும்பி வந்த உறை

சிங்கவரத்தில் ஒரு கிணற்றடிக் கொட்டகையில் ஆயில் இன்ஜினின் நாசிலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த உறை என் கைக்கு வந்தது. தபால்காரர் கொடுத்ததை வீட்டில் வைத்திருக்கப் பொறுமையில்லாமல், என் மனைவி சுலோச்சனா செஞ்சியிலிருந்து நடந்தே எடுத்து வந்துவிட்டாள். அது 1968, மே மாத வெயில்.

கனடாவுக்கு வேலைக்குப் போக பிப்ரவரியில் நான் அனுப்பிய விண்ணப்பம் எல்லாச் சான்றிதழ்களோடும் டெல்லியில் இருக்கும் கனடா அலுவலகத்திலிருந்து அப்படியே திரும்பி வந்திருந்தது. கூடவே நாலு வரிக் கடிதம். பிறந்த தேதிப்படி உங்கள் வயது முப்பத்தைந்து, விண்ணப்பத்திலும் முதலாளி கொடுத்த சான்றிதழிலும் முப்பத்தாறு என்று இருக்கிறது, திருத்தி அனுப்பவும்.

"இன்னாங்க, வேணான்னுட்டானா?"

"வேணாங்கல. என் வயசு தப்பாம்."

"முப்பத்தாறு நடக்குது. அதுல இன்னா தப்பு?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் ஊரில் யாரும் முடிந்த வயதைச் சொல்வதில்லை, நடக்கிற வயதைத்தான் சொல்வோம். பிறந்த அன்றைக்கே முதல் வயது நடக்கத் தொடங்கிவிடும். என் நைனா எனக்கு அப்படித்தான் எண்ணிச் சொல்லிக் கொடுத்தார். அவர் எண்ணியதை நான் எழுதினேன். டெல்லிக்காரன் முடிந்ததைக் கேட்டிருக்கிறான், எனக்கு அது உறைக்கவில்லை.

2. ஐம்பது மார்க்

கனடா போக மார்க் எடுக்க வேண்டும், அந்த விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைக்கு வெளிநாடு போகும் தம்பிகளுக்கு இது தண்ணிபட்ட பாடு. அன்றைக்கு எங்கள் தாலுகாவிலேயே இதைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

நான் பதினாறு வயதில் பாண்டிச்சேரி மில் ஒன்றின் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்ப்பராகச் சேர்ந்தவன். அங்கே லூர்துசாமி என்று ஒரு ஃபோர்மேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சாப்பிடும்போது தமிழ் பேசுவார். வேலை நேரத்தில் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான், அதில் பாதி வசவு. ஆறு வருடம் அவரிடம் திட்டு வாங்கித்தான் தொழில் கற்றேன். அங்கே இருந்த ஜெனரேட்டர் இன்ஜினின் பிஸ்டனைத் தூக்க மூன்று ஆள் வேண்டும். பிறகு நைனாவுக்கு உடம்பு முடியாமல் போக, செஞ்சிக்கே திரும்பி வந்து தனகோட்டி முதலாளியின் கடலை மில்லில் ஃபிட்டரானேன். மில் வேலை போக, வல்லம், அனந்தபுரம் வரைக்கும் பம்புசெட் ரிப்பேர்.

பெருமைக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த வால்வு ஒழுகுகிறது என்று சொல்வேன். சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆனால் அஞ்சு குதிரைசக்தி இன்ஜினையே ஆயுசுக்கும் பிரித்து மாட்ட எனக்கு மனசில்லை. மூன்று ஆள் தூக்கும் பிஸ்டனை மறுபடியும் தொட வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஜின் கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வரும் ரங்கநாதன் சார் ஒரு அச்சடித்த தாளைக் கொண்டுவந்தார். படிப்பு, தொழில், மொழி, வயது என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். ஐம்பது வந்தால் கனடாவுக்குக் குடும்பத்தோடு போய் இருக்கலாம். முப்பத்தைந்து வயது வரை வயதுக்கு முழுசாகப் பத்து. அதற்கு மேல் வருடத்துக்கு ஒன்று குறையும். மில்லில் கடலை மூட்டை மேல் தாளை வைத்து இருவரும் கூட்டிப் பார்த்தோம். என் பிறந்த தேதியைக் கேட்டு வயதுக்கு அவரே பத்து போட்டார். நேரில் பார்த்துப் போடும் மார்க்கைக் குத்துமதிப்பாகச் சேர்த்தும் சரியாக ஐம்பதுதான் வந்தது.

"டைட்டா இருக்கு மணி. ஜூலையில உங்களுக்குப் பொறந்த நாள். அதுக்குள்ள அவங்க கையில எடுத்துடணும்," என்றார். என் முழுப்பெயர் தெய்வசிகாமணி.

மொழி என்ற இடத்தில் கனடாவின் இரண்டு பாஷைகளும் இருந்தன. இங்கிலீஷுக்கு எழுத, படிக்க, பேசத் தெரியும் என்று போட்டேன். பிரெஞ்சுக்குக் கோடு கிழித்துவிட்டேன். ஒரு எழுத்துகூட எழுதத் தெரியாத பாஷையை எப்படித் தெரியும் என்று போடுவது?

அனுபவச் சான்றிதழ் வாங்கத்தான் திண்டாடிப் போனேன். "சீசன் முடியட்டும்பா," என்று முதலாளி மாதக்கணக்கில் இழுத்தார். சான்றிதழ் கொடுத்தால் நான் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் கொடுத்தது முப்பத்தாறு வயது போட்ட சான்றிதழ்.

3. பொய் எழுத மாட்டேன்

திரும்பி வந்த உறையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போனேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தையே பார்த்தார்.

"முப்பத்தஞ்சுன்னு எழுதணுமா? வயசைக் கொறைச்சி எழுதச் சொல்றியா?"

"கொறைக்கல மொதலாளி. முடிஞ்ச வயசைக் கேக்கறாங்க."

"நடக்கறது முப்பத்தாறு. முப்பத்தஞ்சுன்னு எழுதினா பொய்யி. எங்கப்பா காலத்துலேர்ந்து என் லெட்டர்பேடுல பொய்யி வந்தது கெடையாது. வேற எது வேணாலும் கேளு."

மனுஷர் நடிக்கவில்லை, நிஜமாகவே நம்பினார். என்னை விட மனமில்லாததும் அதில் கலந்திருந்தது. ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டார், ஒரு நாள் கல்யாணத்துக்கு. ஜூன் பாதி ஓடிவிட்டது. வால்வைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவனுக்கு இந்த ஆளை எங்கே நெம்புவது என்று புரியவில்லை.

ஜூன் கடைசி வாரம் மில்லின் புது இன்ஜின் கொஞ்சம் புகை தள்ளியது. முதலாளி பார்க்க வந்தார்.

"இன்ஜின் வாங்கி எத்தினி வருஷம் மொதலாளி?"

"ஒண்ணு முடிஞ்சி ரெண்டு நடக்குது."

"அப்ப ரெண்டு வருஷம். கேரண்டியும் ரெண்டு வருஷந்தான். போச்சி, செலவு நம்முளுது."

"டேய்! எப்படிப் போவும்? ரெண்டு முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்குது! முடிஞ்சது ஒண்ணுதான்!"

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவரும் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.

"போய் டைப் அடிச்சிக்கினு வாடா, கையெழுத்து போடறேன்."

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். ஆனால் பதிவு செய்துகொண்டதாக டெல்லியிலிருந்து வந்த கடிதத்தில் ஆகஸ்ட் மாதத் தேதி இருந்தது. எனக்கு அதற்குள் நிஜமாகவே முப்பத்தாறு முடிந்துவிட்டது. தப்பு என்று அவர்கள் திருப்பி அனுப்பிய வயது, நான் திருத்தி அனுப்பியதும் சரியாகிவிட்டது! வயதுக்கு ஒன்பது, மொத்தம் நாற்பத்தொன்பது.

அன்றைக்கு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"ஒரு மார்க்குதானே?" என்றாள் சுலோச்சனா. "இன்ஜினுக்கு ஒரு வாஷர் கம்மின்னா அப்படியே போட்டுட்டு வந்துடுவீங்களா?"

"வாஷரைத் தகட்டுல வெட்டிக்கலாம்டி. வயசை எங்க வெட்டறது?"

"அவன்தான் இன்னும் வேணான்னு சொல்லலையே. கூப்ட்டா போங்க."

4. லூர்துசாமி வாத்தியார்

அடுத்த மார்ச்சில் கூப்பிட்டார்கள். மெட்ராஸில் ஒரு ஓட்டல் அறையில் நேர்காணல். மேசைக்குப் பின்னால் உயரமான ஒரு வெள்ளைக்கார அதிகாரி. இங்கிலீஷில் தொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். அதிலெல்லாம் நான் அசரவில்லை. பென்சிலால் கூட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"திறமையில் குறை இல்லை. போன ஜூலைக்கு முன்னால் உங்களைப் பார்த்திருந்தால் ஐம்பது வந்திருக்கும். ஒன்று குறைகிறது. வருந்துகிறேன்."

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே, மரியாதைக்குக் கேட்பதுபோல், "இவ்வளவு தொழிலையும் யாரிடம் கற்றீர்கள்?" என்றார்.

லூர்துசாமி ஃபோர்மேனைப் பற்றிச் சொன்னேன். பிரெஞ்சில்தான் வேலை சொல்வார், பிரெஞ்சில்தான் திட்டுவார் என்றேன். அவர் அடுக்குவதை நிறுத்தினார். சட்டென்று பிரெஞ்சில், பேரிங் சூடேறினால் என்ன செய்வாய் என்று கேட்டார். பதினைந்து வருடமாக நான் பேசாத பாஷை. ஆனால் கேள்வி ஃபோர்மேன் கேட்கிற அதே கேள்வி. இன்ஜினை நிறுத்துவேன், எண்ணெய் பார்ப்பேன், பேரிங்கின் இடைவெளி பார்ப்பேன் என்று கடகடவென்று வந்துவிட்டது. கடைசியில், பழக்க தோஷம், ஃபோர்மேன் முடிக்கிற வசவையும் சேர்த்தே சொல்லித் தொலைத்தேன்.

அதிகாரி முகம் சிவக்கச் சிரித்தார். இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார். எழுதத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன்.

"பேசினாலே மார்க் உண்டு. எழுதுவதற்குத் தனி. ஏன் கோடு கிழித்தீர்கள்?"

"அதைப் போய் யாராவது கேட்பார்கள் என்று நினைக்கவில்லை, சார்."

பென்சிலை எடுத்துத் திரும்பக் கூட்டினார். ஐம்பத்தொன்று வந்தது.

5. நைனாவின் கணக்கு

அங்கே போய்க் கப்பல் இன்ஜின்களோடு இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். வேலைக்கு மனு போடும் தம்பிகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். கேட்ட கேள்விக்கு அவன் கணக்கில் பதில் எழுது, உன் வீட்டுக் கணக்கில் எழுதாதே. தெரிந்த எதையும், அரைகுறையாகத் தெரிந்தாலும், நீயே கோடு கிழித்து விடாதே. அடிக்கிறதை அவன் அடிக்கட்டும்.

அனுமதிக் கடிதம் 1969 மே மாதம் வந்தது. நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படிக்கச் சொன்னார். பெயர், தொழில், வயது முப்பத்தாறு என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நில்லு. முப்பத்தாறா? உனுக்கு முப்பத்தேழு நடக்குதுடா. தப்பா போட்டுருக்கான். திருப்பி அனுப்பு, திருத்திக் குடுக்கட்டும்."

கடிதத்தை அவசரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். "அவன் சரியாத்தான் போட்டுருக்கான் நைனா."

"அவனுக்கு இன்னா தெரியும்? நீ பொறந்த அன்னிலேர்ந்து எண்ணிக்கினு வரவன் நானு," என்றார். பிறகு மெதுவாக, "அங்க போயி வருஷம் தவறாம லெட்டர் போடு. நான் இங்கேர்ந்தே எண்ணிக்கறேன்," என்றார்.

வருடத்துக்கு ஒன்று இல்லை, மாதத்துக்கு ஒன்று போட்டேன். எனக்கு நாற்பத்திரண்டு நடக்கும்வரை எண்ணினார்.