ஐயாயிரம் மீட்டர், இரண்டு முறை: காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டு பார்த்த ஐஸ் பந்தயம்

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மதுரையிலிருந்து ஸ்ரீரங்கம் போனேன். சாமி கும்பிட அல்ல. என் தங்கை கலைவாணியின் கணவர் பிரபு, ஐரோப்பாவில் நடந்த சர்வதேசக் குளிர்காலப் போட்டியில் ஆண்கள் ஐயாயிரம் மீட்டர் ஐஸ் ஸ்கேட்டிங்கில் கலந்துகொண்டார். பந்தயம் நம் நேரப்படி மாலை மூன்று மணிக்கு. குடும்பத்தோடு டிவியில் பார்ப்பதாக ஏற்பாடு.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிரபு பேங்க் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக இதே பித்தாக அலைகிறார். ஏழு நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் ஸ்கேட்டிங்கை விட்டுவிடுவதாக என் தங்கையிடம் சொல்லியிருந்தார். நானும் மதுரையில் ஒரு நண்பரிடம் அவருக்கு வேலை சொல்லி வைத்திருந்தேன். அதை வீட்டில் பேசி முடிக்கவும்தான் போனேன்.

மதுரையில் 10.40க்குப் பேருந்து ஏறினேன். சுமார் 135 கிலோமீட்டர். பேருந்து திருச்சிக்குள் போகாமல் வெளியே பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும் என்பதை விசாரிக்காமல் வந்தது என் தப்பு. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, மன்னார்புரத்தில் சிக்னல் சிக்னலாக நின்று, தில்லை நகர் சேர 2.20. கலைவாணி அங்கே ஒரு கிளினிக்கின் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர் வராததால் 2.35க்குத்தான் வெளியே வந்தாள். ஆட்டோவுக்கு 250 ரூபாய். பேரம் பேச நேரமில்லை.

காவிரிப் பாலத்தின் நடுவில் ஒரு கரும்பு லாரி அச்சு முறிந்து நின்றது. மணி 2.55. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வேறு வழியில்லாமல் அவளுடைய போனிலேயே பந்தயத்தைப் போட்டோம்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரர்."

"திருச்சி வெயில்ல ஐஸுக்கு எங்கம்மா போனாரு?"

"முதல்ல ரோட்டுல சக்கரம் கட்டித்தான் பழகினாரு."

இரண்டு இரண்டு பேராக ஓட விடுவார்கள். நானூறு மீட்டர் தளத்தில் பன்னிரண்டரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உள்பாதைக்காரர் வெளியே போக வேண்டும், வெளிப்பாதைக்காரர் உள்ளே வர வேண்டும். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் முதல் உரிமை. எட்டாவது சுற்றில் பிரபு வெளியிலிருந்து வந்தார். எதிராளி வழி விடவில்லை. இடிக்காமல் தப்பிக்கப் பிரபு சட்டென்று நிமிர்ந்தார். அதோடு வேகம் போயிற்று.

"வழி விடுடா! அவருதானடா போகணும்!" என்று ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கினார். பாலத்தில் நின்றவர்கள் எல்லாம் எங்களைத் திட்டினார்கள்.

ஏழு நிமிடம் ஆறு விநாடி. நான் பெருமூச்சு விட்டேன். நிம்மதியா எரிச்சலா, எனக்கே தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் பிரபுவே கூப்பிட்டார். மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. "கலை, அவன் மறிச்சதால இன்னொரு தடவை ஓடலாங்கிறாங்க. அரை மணி ரெஸ்ட். தனியா ஓடணும். காலு நடுங்குது."

"வேணாம்னு சொல்லு," என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "உங்களுக்கு ஓடணுமா?"

"ஓடணும்."

"அப்ப ஓடுங்க."

3.25க்கு லாரியை ஓரங்கட்டினார்கள். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய வீட்டுக்குள் நுழையும்போது 3.40. பிரபுவின் அப்பாவும் அம்மாவும் எதுவும் வராத டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். போனை இணைத்து முடிப்பதற்கும் அவர் கோட்டில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லை. பத்தாவது சுற்றில் குனிந்த முதுகு களைப்பில் உயர ஆரம்பித்தது. மறுபடி குனிந்தார். மறுபடி உயர்ந்தது, மறுபடி குனிந்தார். கலைவாணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஏழு நிமிடம், பூஜ்யம் புள்ளி நான்கு விநாடி.

தலையில் அடித்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்து, அரை விநாடியா!

போன் வந்தது. "தாண்டிருச்சு கலை. சொன்னா சொன்னதுதான். வந்துடறேன்."

"யாரு வரச் சொன்னா?" என்று கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள். "ஒருத்தன் மறிச்ச கையோட, நடுங்குற காலோட, முதல்ல ஓடினதவிட அஞ்சரை செகண்ட் கம்மியா ஓடியிருக்கீங்க. இதுக்கு மேல யாருக்கு என்ன காட்டணும்? நான் சம்பாதிக்கிறேன்ல, இன்னும் ஒரு வருஷம் ஓடுங்க."

"உங்க அண்ணன் ஏதோ வேலை பாத்து..."

"அண்ணன் பார்த்த வேலைக்கு அண்ணனே போகட்டும்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் போனை வாங்கி, "மாப்பிள்ளை, முதல்ல சாப்பிடுங்க," என்று மட்டும் சொன்னேன். வேறு எது சொல்லியிருந்தாலும் பொய்யாக இருந்திருக்கும்.

இப்படிப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து காலை எட்டு மணிக்கு முன்பே கிளம்புங்கள். பஞ்சப்பூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தை நம்பாதீர்கள். போனை முழுசாக சார்ஜ் போடுங்கள். ஐந்து மணிப் பேருந்தில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன், நடக்கவில்லை. பிரபுவின் அம்மா அந்த இரண்டாவது ஓட்டத்தை மறுபடி மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை போட்டுக்கொடுத்தேன். நான்காவது முறை யாரும் கேட்கவில்லை. நானேதான் போட்டேன்.