ஒரு டப்பா மணல்

மண்வளப் பாதுகாப்பு நாளுக்கு ஆளுக்கொரு டப்பா கடற்கரை மணல் கொண்டுவர வேண்டும் என்கிறது, மகளின் பள்ளி அனுப்பிய, சென்ற வெள்ளிக்கிழமை தேதியிட்ட சுற்றறிக்கை. அவள் அள்ளி வந்த மணலில் அறுபட்ட அடம்பங்கொடி வாசனை.

என் சிறுவயதில், மணலைக் கட்டிவைக்கும் அந்தக் கொடி போர்த்திய மணல்மேடு கோவளத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்தது, அதன் அடியில் கையால் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்க, நாங்கள் கொடியைத் தொட்டாலே மீன்கார அஞ்சலை அக்கா கத்துவார்: "டேய், அத்த பிச்சிட்டு இன்னாத்தடா குடிப்ப, கடலையா?"

இப்போது கேன் தண்ணீர். மணல் அள்ளிப்போன லாரிகள் விட்டுவைத்த துண்டு மேட்டையும் பாடம் என்ற பெயரில் பிள்ளைகளைவிட்டே அள்ள வைக்கிறார்கள்.

"எங்க அள்னியோ அங்கயே கொட்டிட்டு வா."

"மார்க் போய்டும்பா!"

"போவட்டும்."

லாரியில் போன மணல் அந்தப் பள்ளியின் அடித்தளத்தில்தான் கிடக்கிறது என்கிறார்கள். இன்னும் சரிபார்க்கவில்லை.