பதினெட்டில் ஓடிய ஏசியும் கேஸ் ஏறாத பீரும்

அந்தப் பாட்டில்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஷார்ஜா முவைலாவில் எங்கள் ரூமில் மூத்தவர், சைட்டில் கம்பி கட்டுகிறவர், ஒரேயடியாக ஊருக்குப் புறப்பட இருந்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தம்பி, போறதுக்கு முன்னாடி நீ போடுற பீரு ஒரு கிளாஸ் குடிச்சுட்டுப் போறேன்.” ஷார்ஜாவில் சொட்டுக்கூட விற்கமாட்டார்கள். ரூமில் போட்டுப் பிடிபட்டால் விசா கேன்சல். அந்த மனுஷனுக்காகத் துணிந்தேன்.

புளித்தவரைக்கும் நன்றாகவே வந்தது. காலி கோலா பாட்டில்களில் கொஞ்சம் சர்க்கரையோடு ஊற்றி, இறுக மூடி, கட்டிலுக்கடியில் தள்ளினேன். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கேஸ் உண்டாக்க வேண்டும், பாட்டில் கல் மாதிரி இறுக வேண்டும். ஒரு வாரம் கழித்து அமுக்கிப் பார்க்கிறேன், தொளதொளவென்று கிடக்கிறது.

உடனே ரூமில் ஆளாளுக்கு வாத்தியாராகிவிட்டார்கள். ஒருத்தன் சர்க்கரை பத்தாது என்றான். இன்னொருத்தன் ஈஸ்ட் செத்துவிட்டது என்றான். இதில் கொடுமை என்னவென்றால், டியூட்டி முடிந்து வருகிறவனெல்லாம் கேஸ் ஏறிவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். ஏறிய கொஞ்சநஞ்சமும் போச்சு.

“அறிவிருக்காடா உங்களுக்கு? அமுக்கிப் பாத்தா தெரியாதா?” என்று கத்தினேன்.

பாட்டிலைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. சில்லென்று இருந்தது. ஏசி பதினெட்டில் ஓடுகிறது, அந்தக் குளிரில் ஈஸ்ட் தூங்காமல் என்ன செய்யும்? கிச்சனில் வைக்கலாமென்றால் அது எல்லா ரூமுக்கும் பொது, வாட்ச்மேன் வேறு வந்துபோவான். பால்கனி வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். ரூமைச் சூடாக்குவது ஒன்றுதான் வழி.

ஆனால் ஏசி ரிமோட் ரூமில் மூத்தவர் கையில்தான் இருக்கும். இங்கே எல்லா ரூமிலும் அதுதான் சட்டம்.

“அண்ணே, நீங்க போறவரைக்கும் இருபத்தெட்டுல வைங்கண்ணே.”

“முடியாது.”

“உங்களுக்குத்தானே போட்டேன்?”

“அதுக்காக என்னைய வேகச் சொல்றியா?”

ஆத்திரம் தலைக்கேறியது. நான் விசாவைப் பணயம் வைத்திருக்கிறேன், இவருக்கு ஒரு பட்டனை அமுக்க வலிக்கிறதா? “குடிக்கவும் வேணும், குளுகுளுன்னு தூங்கவும் வேணும். நல்லா இருக்குண்ணே உங்க நியாயம்” என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “ஊர்ல எனக்குத் தகர வீடுடா. ஏசிக்கு எங்க போறது? நாளெல்லாம் வெயில்ல கெடந்துட்டு, இந்தக் குளிருக்குள்ள வந்து படுக்குறது ஒண்ணுதான் நான் இந்த நாட்டுல அனுபவிச்சது. அதுவும் வெள்ளிக்கிழமை பிளைட்டோட கலாஸ், முடிஞ்சுபோச்சு.”

எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அது இப்போது அவர்மேல் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கேஸே இல்லாத அந்தப் பீரை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “கசாயம் மாதிரி இருக்குடா.”

“பேசாம குடிச்சுட்டுப் படுங்க” என்றேன். அவர் தலைமாட்டில் கிடந்த ரிமோட்டை எடுத்துப் பதினாறில் வைத்தேன்.