கோடு இல்லாத இடத்தில் முந்நூற்று நாற்பது

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வெயிலைத்தான் காரணம் காட்டுகிறார்கள். நீங்களும் காட்டலாம், எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது சொல்லி நான் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பேய், முனி என்று யார் ஆரம்பித்தாலும் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மாமனார் வீட்டில் ஒருவருக்குச் சாமி வந்து ஆடியபோது, நாடியைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, என் மனைவி ஜெயாவிடம் ஒரு வாரம் பேச்சு வாங்கினவன். அப்படிப்பட்டவனுக்கு, அதுவும் பட்டப்பகலில், ஒரு பக்கம் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடக்கிற ரோட்டில் நடந்தது இது.

என் வேலையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். புதிதாகப் போட்ட ரோடுகளைச் சோதித்துப் பார்க்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறேன். ரோட்டில் வெள்ளைக் கோடு பார்த்திருப்பீர்கள், அது வெறும் பெயின்ட் இல்லை, சீனியைவிடப் பொடியான கண்ணாடி மணிகள் அதில் பதிந்திருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் அந்த மணியில் பட்டு, வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பி வரும். அதனால்தான் இருட்டில் கோடு மின்னுகிறது. ஆட்கள் கடக்கிற இடங்களில் டயர் அதிகம் உரசும் என்பதால் மணி பதித்த தடித்த டேப்பை ரோல் ரோலாக வாங்கி வரிவரியாக ஒட்டுவார்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். வெளிச்சம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க ஒரு மெஷின் உண்டு. தையல் மெஷின் பெட்டி அளவு இருக்கும். கோட்டின்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால் நம்பர் வரும். உள்ளே இருட்டாக இருப்பதால் பகலிலேயே அளக்கலாம். நல்ல புது டேப் என்றால் முந்நூறைத் தாண்டும், வெறும் தார் பத்து, பன்னிரண்டு காட்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற வழியில் ஒரு இடத்தில் ரோட்டை அகலமாக்கினார்கள். அங்கே ஒரு பஸ் ஸ்டாப். எதிர்ப்பக்கம் உப்பளம். கோடு போடுவதற்கு முன்னால் நான் வரைபடத்தோடு நடந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அளத்தில் வேலை செய்கிற ஒரு பெண் என்னிடம் வந்தாள். நாற்பது வயது இருக்கும். சேர்மக்கனி என்று பெயர்.

"சார், வெள்ளன நாலரை பஸ்ஸுல வந்து இங்கன எறங்குதோம். அளத்துக்கு ரோட்டைத் தாண்டித்தான் போவணும். முன்ன குண்டுங்குழியுமா கெடந்துச்சு, வண்டிக்காரனும் மெதுவா வந்தான். இப்பப் பறக்கான். வரிவரியாக் கோடு போடுவாவள்லா, அது இங்கன வருமா?"

"வரும்மா. படத்துலயே இருக்கு" என்று காட்டினேன்.

உப்பு அரித்து வெடித்த விரலை அந்தப் படத்தின்மேல் வைத்து அவள் வரிகளை எண்ணினாள். பிறகு அளத்துப் பக்கம் திரும்பி, "ஏளா, பத்து வரி வருதாம்!" என்று கத்தினாள். யாரோ அங்கிருந்து கையை ஆட்டினார்கள்.

அந்தப் பத்து வரியை வரைபடத்திலிருந்து எடுத்ததே நான்தான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும். டேப் விலை கட்டுப்படியாகவில்லை என்று கான்ட்ராக்டர் முனகிக்கொண்டிருந்தார். எங்கள் டீம் லீடர் என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் எண்ணி வரச் சொன்னார். "பதினோரு மணிக்குப் போங்க" என்றார். ஏன் பதினோரு மணி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அளத்து ஆட்கள் அத்தனை பேரும் உள்ளே வேலையில் இருப்பார்கள்.

போனேன். காரில் ஏசியைப் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஒரு பதநீர்க்காரர் கடந்தார், ஒரு ஆட்டுக்காரர் கடந்தார், அதே ஆட்டுக்காரர் திரும்பி வந்தார். மூன்று என்று எழுதினேன். சேர்மக்கனி காரைப் பார்த்துவிட்டு வரப்பு வழியாக வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன சார் எண்ணுதிய?"

"ரோட்டைத் தாண்டுற ஆளுங்களை."

"இப்பவா?" சிரித்துவிட்டாள். "நாங்க பூராப் பேரும் உள்ளலா கெடக்கோம். வெள்ளன வாங்க சார், ஒங்களுக்கு எண்ணி முடியாது."

வருகிறேன் என்றேன். போகவில்லை. மூன்று பேருக்காகக் கடக்கும் கோடு தேவையில்லை என்று வரைபடம் திருத்தப்பட்டு வந்தது. அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

ரோடு திறந்து இரண்டு மாதம் இருக்கும். விடியுமுன் ஒரு கார் அவளை அடித்துவிட்டது. முன்னால் வந்து விழுகிறவரைக்கும் ஆளே தெரியவில்லை என்று கார்க்காரர் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது எங்கள் கம்பெனிக் கார் ஓட்டுகிற ராயப்பன். மணப்பாட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், முன்னால் தோணியில் மாலத்தீவு போய் வந்துகொண்டிருந்தவர். "கோடு கேட்டுச்சுல்லா சார் ஒரு அம்மா, செத்துப்போச்சு" என்றார். போனை எடுத்து எதையோ பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். துக்கம் விசாரிக்கவும் போகவில்லை, என்ன முகத்தோடு போவது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். அடுத்த மே மாதம் அந்த ரோட்டின் கோடுகளை அளக்கப் போனோம், நானும் ராயப்பனும் மட்டும். நான் மெஷினை வைத்து நம்பரைச் சொல்வேன், அவர் நோட்டில் எழுதுவார். அந்த ஸ்டாப் பக்கம் வரும்போது உச்சி நேரம். ஓரக் கோடு சரியாக இருந்தது. அடுத்து நடுக்கோட்டுக்குப் போகவேண்டும், மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தவன், கை வலித்ததால் இடையில் வெறும் தாரில் இறக்கி வைத்தேன். வைத்த வேகத்தில் பொத்தான் அழுந்திவிட்டது போல. நம்பர் வந்தது. முந்நூற்று நாற்பது.

கோடே இல்லாத இடம். கறுப்புத் தார். கூடவே கொண்டுபோகிற, அளவு தெரிந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்து மெஷினைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன், முந்நூற்று நாற்பது. இரண்டடி தள்ளி வைத்தால் பன்னிரண்டு. இன்னும் இரண்டடி தள்ளினால் முந்நூற்று முப்பத்தெட்டு. கண்ணாடி மணி சிந்திக் கிடக்கிறதோ என்று பிரஷ்ஷால் தள்ளினேன், ஈரத்துணியால் துடைத்தேன், துணியில் கறுப்புத் தூசிதான் வந்தது. டேப் ஒட்டிப் பிறகு உரித்திருப்பார்களோ என்று நீங்கள் கேட்கலாம். ஒட்டவே இல்லை, அது எனக்குத் தெரியாதா.

"சாக்பீஸ் எடுங்க ராயப்பன்" என்றேன்.

நம்பர் ஏறுகிற இடத்தையெல்லாம் கோடு கிழித்துக்கொண்டே போனேன். வண்டி வரும்போது ராயப்பன் சிவப்புத் துணியை ஆட்டி நிறுத்துவார். முட்டி பொசுங்கியது, அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து நின்று பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அரை மீட்டர் அகலத்தில் நீளநீளமாக வரிகள், நடுவில் அரை மீட்டர் இடைவெளி, நான் வெட்டி எறிந்த அதே வரைபடத்தின் அளவு. ஸ்டாப் பக்கத்திலிருந்து தொடங்கி நடுக்கோடு வரை ஐந்து வரி. அதற்கு அந்தப் பக்கம் எங்கே வைத்தாலும் பன்னிரண்டு, பதினொன்று, பத்து.

ராயப்பன் தொப்பியைக் கழற்றினார். "சேசுவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"அந்த அம்மா இங்கனதான் சார் கெடந்துச்சு. நடுக்கோட்டு மேல. அன்னைக்கு வெள்ளன நான் இந்த வழியாத்தான் வந்தேன். இதை மட்டும் ஒங்கள்ட்ட சொல்லல."

அந்த நேரம் பார்த்து அளத்தில் வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். சாக்பீஸ் வரிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். முன்னால் வந்தவள் பேச்சியம்மாள். அன்றைக்கு அளத்திலிருந்து கையை ஆட்டியது தான்தான் என்று அவளே சொன்னாள்.

"கோடு போட வந்தியளா? இப்பமாவது வந்தியளே."

"இல்லம்மா. இது சும்மா டெஸ்ட்."

"சேர்மக்கனி பாவம். ஒங்க காரு நிக்குத அன்னைக்கெல்லாம், இன்னா கோடு போட வந்துட்டாவ, இன்னா வந்துட்டாவன்னு சொல்லிக்கிட்டே கெடப்பா." குனிந்து தரையைப் பார்த்தாள். "அப்ப இது என்ன கோடு சார்? பாதியில நிக்கி?"

சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவள் பின்னால் திரும்பி, "ஏளா, பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மற்றவர்களும் அந்த வரிகள்மேலேயே வரிசையாக நடந்து ஸ்டாப்புக்குப் போனார்கள். ஒருத்திகூட வரியை விட்டு விலகி நடக்கவில்லை.

அவர்கள் பஸ் ஏறிப் போனபிறகு திரும்பவும் மெஷினை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. பதினொன்று. எல்லா இடத்திலும் வெறும் தார்.

டீம் லீடருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன், அதாவது நம்பரை மட்டும் சொன்னேன். "மெஷின் கோளாறு. அதை அழிச்சிட்டு மத்ததை அனுப்புங்க" என்றார். மெஷினில் ஒவ்வொரு அளவாகத்தான் அழிக்கவேண்டும். அழிக்கவா, அழிக்கவா என்று ஒவ்வொரு தடவையும் திரையில் கேட்கும். ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். காரில் உட்கார்ந்துதான் அழுத்தினேன், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ராயப்பன் எழுதியிருந்த நோட்டை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. மெஷினைச் சோதனைக்கு அனுப்பினோம். ஒரு கோளாறும் இல்லை என்று திரும்பி வந்தது.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் நாலரை மணிக்குப் போய் நின்றேன். முப்பத்தெட்டு பெண்கள் இறங்கினார்கள். பேச்சியம்மாள் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க, மற்றவர்கள் ஓடிக் கடந்தார்கள். முப்பத்தெட்டு என்று எழுதி, பழைய கணக்கு தவறு, தவறு என்னுடையது என்றும் எழுதிக் கொடுத்தேன். வேலை முடிந்த ரோட்டில் இனி மாற்றம் செய்ய வழியில்லை என்று பதில் வந்தது. ரொம்பவும் வற்புறுத்தியதில் ஒரு போர்டு நட்டார்கள். கையிருப்பில் இருந்த போர்டு, இரண்டு பிள்ளைகள் பையோடு பள்ளிக்கூடம் போகிற படம். சுற்று வட்டாரத்தில் பள்ளிக்கூடமே கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் வெயில் என்று நானே சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

அந்த வருஷம் வேம்பாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் ஜெயாவும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஏழு மணி இருக்கும், நான்தான் ஓட்டினேன். அந்த ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் இருந்த கோடெல்லாம் போய்விட்டது. ஹெட்லைட் எரிகிறது, தார் தெரிகிறது, ஓரத்தில் முள்செடி தெரிகிறது, நடுக்கோடும் இல்லை ஓரக்கோடும் இல்லை. பிரேக்கை மிதித்தேன்.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் ஜெயா.

"கோட்டைக் காணோம்."

"நல்லாத்தான தெரியுது? இந்தா, பளபளன்னு போவுது."

இறங்கிப்போய்க் குனிந்து தடவிப் பார்த்தேன். கோடு கைக்குத் தட்டுப்பட்டது, மணி சொரசொரவென்று உறுத்தியது. கண்ணுக்கு வெறும் தார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். ஸ்டாப்பைத் தாண்டி இருநூறு மீட்டர் போனதும் எல்லாக் கோடும் எனக்குத் திரும்பத் தெரிந்தது.

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள், குறையில்லை என்கிறார்கள். இன்றைக்கும் இருட்டில் அந்த இடத்தில் எனக்குக் கோடு தெரியாது. ராயப்பன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் தெரியாது.

போன மாதம் அதே ரோட்டுக்கு வருஷச் சோதனை வந்தது. பகலில் போய் அளந்தேன், எல்லாக் கோடும் இருக்கவேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. இரவில் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.